எந்த எரியுது?

அலோன், ரங்கூன்
திங்கட்கிழமை

அன்பு மகன் சிவராஜுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம். முழுச் சுகம், தலையில் ஒரு முடிகூடக் கருகவில்லை. வண்டியும் சுகம். பினாங்கில் நீயும் அப்படியே இருக்க முனீஸ்வரன் துணை நிற்கட்டும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், மீதிப் பாதியில் லைன் போய்விடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வண்டிச் சாமான் கடை நபீஸாவின் தங்கை புதன்கிழமை அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் வாயைத் திற.

உன் சித்தப்பா துரைசாமி உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அண்ணி ஒயரைத் தப்பாப் புடிச்சு வண்டியக் கொளுத்திட்டாங்க, தெருவே கூடித் தண்ணி ஊத்தி அணைச்சுச்சு, விட்டா அடுத்து வீட்டையும் கொளுத்துவாங்க என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் காயம் பட்டதா என்று அவரிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. அதற்கு மேல் அவர், டாலாவில் ஆற்றோரம் சாப்பாட்டுத் தோட்டம் வைத்திருக்கும் ஊ மவுங் தின் அந்த வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தப் போகிறார், வருகிறவர்கள் அதில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள், ஓடாத வண்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சொல்ல, நீயும் சரி சித்தப்பா வித்துடுங்க என்று சொல்லிவிட்டாய். நெருப்பு பிடித்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

வண்டி எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய். நம்பரோடு கிடைத்த பழைய ஜீப்பின் அடிச்சட்டம், ஷ்வேப்யிதாவில் படகு செய்கிற பட்டறையில் அச்சில் வார்த்த ஃபைபர் பாடி, வேனிலிருந்து கழற்றிய எஞ்சின், இதையெல்லாம் நம் வாசலில் போட்டு மாட்டினாய். எஞ்சின் ஓடுகிற நாள்வரை வந்தது. ஒயர் மட்டும் பாக்கி. அதற்குள் நீ அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தது, அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், போக வேண்டியிருந்தது, போனாய். ஒயர், ஃபியூஸ் பெட்டி, சுவிட்ச் எல்லாம் ஒரு அரிசி மூட்டைக்குள் கிடந்தது. நான் அந்த வண்டிமேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் மகன் வண்டியா, மகன் வந்தப்புறம் ஓடுமா என்று கேட்பான். அந்த வண்டிக்கு நான் காவல்காரி என்றே எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் துணியை எல்லாம் உருவி எறிந்துவிட்டு மூட்டையை அவிழ்த்தேன்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். நீ போன பிறகு இந்த ஊரில் கரண்டு இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். லாரி பாட்டரி ஒன்றை வைத்து வீடு முழுக்கச் சின்ன பல்பு போட்டது யார் என்று நினைக்கிறாய், சித்தப்பாவா? என் தையல் மெஷினுக்கு மேல் தொங்குகிற பல்புக்கு நான்தான் ஒயர் இழுத்தேன். வண்டிக்கும் அதே பாட்டரிதான், பல்பு மட்டும் கொஞ்சம் கூட. முதலில் வாசல் சிமெண்டுத் தரையில் தையல் சாக்பீஸால் வண்டியின் உருவத்தை அதே அளவில் வரைந்தேன். லைட் இங்கே, ஹார்ன் இங்கே, ஸ்டியரிங் இங்கே. அதன்மேல் ஒயரைப் படுக்கவைத்து, ஜாக்கெட் துணி வெட்டுகிற மாதிரி வெட்டினேன். மூட்டையில் கிடந்த ஒயர் பற்றவில்லை, கூடவே இருந்த ஜீப் வரைபடத்தில் சொன்ன நிறத்து ஒயர் எல்லாம் நபீஸா கடையில் கிடைக்கவில்லை, அதனால் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே நிறத்துப் பட்டன் நூலைச் சுற்றி முடிந்தேன். மஞ்சள் நூல் முன் விளக்கு, சிவப்பு பிரேக், ஊதா ஹார்ன். ஒன்றுகூட மாறவில்லை. பின் விளக்குக்கு மட்டும் தையலுக்கு விடுகிற துணி மாதிரி நீளம் விட மறந்து கையளவு பற்றாமல் போனது. அதை மறுபடி வெட்டினேன், அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டியாயிற்று, சுவிட்சைப் போட்டால் ஒரு விளக்கும் வரவில்லை. நபீஸா கடைக்குப் போய் நீ கொடுத்த ஒயர் செத்த ஒயர் என்று சண்டை பிடித்தேன். அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, அக்கா, போறதுக்கு வழி போட்டீங்க, வர்றதுக்கு வழி எங்க என்று கேட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வரைபடத்தில அப்படித்தான இருக்கு என்றேன். வரைபடம் இரும்பு ஜீப்புக்கு, உங்க வண்டி என்னா, தண்ணி வாளி என்றாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன், வாசலுக்கு வந்தபோது விஷயம் புரிந்துவிட்டது. இரும்பு பாடி என்றால் விளக்குக்குப் போன கரண்டு பாடி வழியாகவே பாட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபரில் கரண்டு ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர இன்னொரு ஒயர் இழுக்க வேண்டும். இதை நீ என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீயும் யோசித்திருக்க மாட்டாய். மறுபடி தரையில் சாக்பீஸ், மறுபடி ஒயர், இந்த முறை எல்லாவற்றுக்கும் கறுப்பு நூல்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக் கதைக்கு வருகிறேன், இதைத்தான் நீ நன்றாகக் கேட்க வேண்டும். சுவிட்சைப் போட்டேன். இரண்டு முன் விளக்கும் பளீரென்று எதிர்ச் சுவரில் விழுந்தது. நான் என்ன செய்வேன், சின்னப் பிள்ளை மாதிரி எரியுது எரியுது என்று கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டோ ராணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தமிழ் உனக்குத் தெரியும், அவள் அம்மாவிடம் அடுப்படியில் கற்ற தமிழ், அடுப்படியைத் தாண்டாது. அவளுக்கு எரியுது என்றால் அடுப்பு எரியுது, மிளகாய் பட்டுக் கண் எரியுது, இரண்டே இரண்டுதான். விளக்கும் எரியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவள் வீட்டில் விளக்குக்குப் பர்மா பாஷையில்தான் பேச்சு. அவள் அமலே என்று அலறிக்கொண்டு தெருப்பக்கம் ஓடி மீ மீ என்று கத்தினாள். பர்மாக்காரனுக்கு நெருப்பும் மீ, விளக்கும் மீ, கரண்டும் மீ, ஆனால் இரண்டு தரம் சேர்த்துக் கத்தினால் அது நெருப்பு மட்டும்தான். நம் தெருவில் பாதி மர வீடு, வீட்டுக்கு வீடு மணல் பையும் தண்ணீர் வாளியும் கொக்கிக் கம்பும் எதற்காகத் தயாராக இருக்கிறது? நான் கையை ஆட்டி இல்லை இல்லை என்று சொல்வதற்குள் தெருவே உள்ளே வந்துவிட்டது. முதல் வாளி ஃபியூஸ் பெட்டிமேல் விழுந்தது. இரண்டாவது வாளி என்மேல். மூன்றாவது டோ ராணியின் வாளி, அதில் மீனும் இருந்தது. விளக்கு அணைந்தது, அதைப் பார்த்து நெருப்பை அணைத்துவிட்டோம் என்று அவர்கள் கைதட்டினார்கள். இதுதான் உன் சித்தப்பா சொன்ன தீ விபத்து. மறுநாள் வந்தவர் ஈரத்தையும் சேற்றையும் பார்த்தார். கரி எங்கே என்று அவரும் தேடவில்லை, நீயும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றி வெயிலில் காயவைத்தேன். ஃபியூஸ் பெட்டியை இடம் மாற்றி மேலே ஒரு மூடி வைத்தேன். திரும்ப மாட்டினால் பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கியது. பின்பக்க விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திரும்பி வர நான் போட்டிருந்த ஒயர் ஒன்றே ஒன்றுதான், மெல்லிசு, அதிலும் ஒரு முனை தளர்ந்திருந்தது. தடிமனாக இரண்டு இழுத்தேன், மினுக்குவது நின்றது. இதையெல்லாம் யாரும் வந்து செய்து தரவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா லாரியோடு வந்து வாசல் கேட்டை அடைத்து நிறுத்தினார். கூடவே ஊ மவுங் தின், மரியாதையான மனிதர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். நான் கட்டியிருந்த தமேய்ன் கைலியின் இடுப்பு மடிப்பில் வண்டியின் பெரிய ஃபியூசைச் செருகி வைத்திருந்தேன், அது இல்லாமல் வண்டி மூச்சு விடாது. சித்தப்பா ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். பாத்தீங்களா ஊ மவுங் தின், எல்லாம் செத்துப் போச்சு, இந்த ஒயரெல்லாம் என் ஆளை விட்டு உருவிடலாம், காட்சிக்கு நிக்கிற வண்டிக்கு எதுக்கு லைட்டு என்றார். அவர் இறங்கி முன்னால் போய் விளக்குக் கண்ணாடியில் விரிசல் உண்டா என்று குனிந்து பார்த்தார். நான் ஃபியூசைப் போட்டேன், சுவிட்சையும் போட்டேன். விளக்கு நேராக அவர் முகத்தில் அடித்தது, அவர் வாயாலேயே ஐயோ எரியுது என்று வந்துவிட்டது. உடனே சுவருக்கு மேல் டோ ராணியின் தலை தெரிந்தது, கையில் வாளி. அக்கா, எந்த எரியுது என்று கேட்டாள். விளக்கு எரியுது, நீ போ என்றேன். ஊ மவுங் தினுக்கு அதைப் பர்மா பாஷையில் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் சித்தப்பா சிரிக்கவில்லை.

எரிஞ்சா என்னா அண்ணி, வண்டி சிவராஜோடது, அவன் வித்துட்டான், நீங்க யாரு நடுவுல என்றார். சிவராஜ், அவர் சொன்னது பொய்யில்லை. நீ சொன்னதைத்தான் அவர் சொன்னார். அந்த வார்த்தையை என்னைக் கேட்க வைத்தது நீ. எனக்கு அழுகை வரவில்லை, அதை அவர் பார்க்கக் காத்திருந்தாலும் வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். எனக்கு ஓட்டத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால், சரக்குக் கிட்டங்கிகள் அடைத்துக் கிடக்கிற விடுமுறை நாட்களில், துறைமுகத்து லாரியில் உன் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார், வெளியில் சொல்லாதே என்றார், நானும் இதுவரை சொல்லவில்லை. கேட்டுக்கு நேராக வந்து ஹார்ன் அடித்தேன். ஊதா நூல். நான் இழுத்த ஒயரில் அது எருமை மாதிரிக் கத்தியது. லாரி டிரைவர் சித்தப்பாவைப் பார்த்தான், சித்தப்பா ஊ மவுங் தினைப் பார்த்தார், அவர் கையை அசைத்தார், லாரி பின்னால் போனது. படகுத்துறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நான் வரும்போது ஊ மவுங் தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயும் மகனும் பேசி முடியுங்கள், அடுத்த ஞாயிறு வருகிறேன், மகன் வாயால் கேட்டால்தான் கையை வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பின்கட்டுத் தகரம் ஒழுகுகிறது, அதை நானே பார்த்துக்கொள்வேன். நபீஸாவின் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, கல்யாண ஜாக்கெட் எல்லாம் என்னிடம்தான். நீ ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை நிறுத்து. ரூமில் ஒரே பிளக்கில் நாலு பேர் சார்ஜர் செருகாதீர்கள், அந்த ஒயர் தாங்காது, இதை உனக்குச் சொல்ல இப்போது எனக்குத் தகுதி உண்டு. ஈரத்துணியை ஃபேன் அடியில் போட்டுக்கொண்டு தூங்காதே.

இனி முடிவு உன் கையில். சித்தப்பாவுக்குப் போன் போட்டு, வண்டி அம்மாவோடது என்று மூன்றே வார்த்தை, இல்லை இரண்டே வார்த்தை சொல். சொல்லமாட்டேன் என்றால் அதையும் சொல். வண்டியைக் கொடுத்துவிடுவேன், உன் சொத்தை நான் மறிக்க மாட்டேன். ஆனால் நான் இழுத்த ஒயரில் ஒரு முழம்கூட அதில் போகாது. ஒவ்வொன்றாக உருவி, நூலோடு சுருட்டி, அதே அரிசி மூட்டையில் கட்டி வைப்பேன். நீ எப்படி விட்டுவிட்டுப் போனாயோ அப்படியே டாலாவுக்குப் போகட்டும், ஊமையாகவும் குருடாகவும் அந்த வாசலில் நிற்கட்டும். நான் இன்னொரு அடிச்சட்டம் தேடிக்கொள்வேன்.

தீர்க்காயுசாக இரு. உன் கைகால் சுகத்துக்கும் வேலைக்கும் குறை வராமல் முனீஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும். இனி இங்கிருந்து யாராவது உனக்குப் போன் செய்து எரிந்துவிட்டது என்று சொன்னால், டோ ராணி கேட்ட கேள்வியை முதலில் கேள்.

வண்டி ஓட்டிய கையால் எழுதும் உன் அம்மா,
சத்யபாமா

மறந்துவிட்டேன். வைப்பர் மட்டும் இன்னும் அசையவில்லை. மழை வருவதற்குள் அசையும். எப்படி என்று போனில் சொல்லித்தராதே.