விடாக்கண்டன் என்று பெயர் வைத்தோம்

மார்ச் 4, திங்கள்

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. கதவு என்றால் செவித்திறன் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம். குழந்தைகளின் காது பரிசோதனைக்கு வாரத்துக்கு முப்பது இடம், திங்கள் காலை எட்டுக்கு விடுவார்கள். முன்பெல்லாம் நாற்பது நொடியில் முப்பதும் போய்விடும். எடுத்தது பெற்றோர் இல்லை. தரகர்கள் ஏவிவிட்ட பாட்கள், தானாகப் படிவம் நிரப்பும் நிரல்கள். இப்போது வாசலில் எங்கள் 'காவல்' நிற்கிறது. வருபவரை எதையும் கிளிக் செய்யச் சொல்லாது, எந்தப் படத்தையும் காட்டாது. கை எப்படி நகர்கிறது என்று மட்டும் பார்த்து, மனிதரா இயந்திரமா என்று ஒரு நொடியில் முடிவு செய்யும். மொத்த நிரலும் ஒரு சின்னப் புகைப்படக் கோப்பின் அளவுகூட இல்லை.

இன்று முப்பதும் நிரம்பப் பதினேழு நிமிடம் ஆயிற்று. சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன், ஐந்து நிமிடம். அப்புறம் எழுந்து ஜன்னல்வரை, மறுபடி மேசைவரை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில் ஒன்பது அடிதான் நடக்க முடியும்.

மார்ச் 5, செவ்வாய்

பதிவேட்டைப் பார்த்தேன். விடாக்கண்டன் நேற்றும் வந்திருக்கிறான். ஆறு வாரமாக ஒரு திங்கள் தவறவில்லை. எட்டு அடித்த நொடியில் ஆஜர். மவுஸ் அசைவதே இல்லை. கட்டத்துக்குக் கட்டம் தாவுகிறான், மின்னல் வேகத்தில் நிரப்புகிறான். காவல் 'இயந்திரம்' என்று தள்ளுகிறது. மறுபடி வருகிறான். நேற்று பதினொரு தடவை.

பெயர் வைத்தது முந்திரிக்கொட்டை. கல்லூரித் தோழி, இப்போது கூட்டாளி. நிரல் எழுதுவது நான், விற்பது அவள். யாரும் வாய் திறக்குமுன் பதில் சொல்லிவிடுவாள், அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் இது.

"இவனையே படமாப் போட்டுக் காட்டலாம்டீ. அவன் விடாக்கண்டன்னா நம்ம காவல் கொடாக்கண்டன்!"

28ஆம் தேதி டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனத்தில் செய்து காட்டப்போகிறோம். கிடைத்தால் இந்த ஒன்பது அடியிலிருந்து விடுதலை. நானும் சிரித்தேன்.

மார்ச் 11, திங்கள்

விடாக்கண்டன்: பதினான்கு தடவை. சளைக்காத ஜென்மம்.

மார்ச் 13, புதன்

'இதுவரை ஒரு மனிதரையும் தவறாகத் தடுத்ததில்லை.' விளக்கப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"யாராவது புகார் சொன்னாங்களா? இல்லையே!"

இல்லைதான். ஆனால் தள்ளப்பட்டவர் எங்கே போய்ச் சொல்வார்? புகார்ப் படிவமும் காவலுக்கு உள்ளேதானே இருக்கிறது. இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை?

மார்ச் 14, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மருத்துவமனை வரவேற்பு மேசையிலிருக்கும் அக்கா கூப்பிட்டார். "ஒரு அம்மா நேர்லயே வந்துட்டாங்க. உங்க சிஸ்டம் அவங்களை மிஷின்னு சொல்லுதாம். நீங்களே பேசுங்க."

போனில் வந்த குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க மேடம், திருத்திக்கறேன். வேகமா அடிச்சாலும் மிஷின்னு சொல்லுது. மெதுவா அடிச்சாலும் அதையேதான் சொல்லுது."

மவுஸில் கோளாறு இருக்குமோ என்றேன்.

"மவுஸ் வெச்சுக்கறதில்லை. எனக்குக் கண் தெரியாது. திரையில இருக்கறதைக் கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லும், நான் கீபோர்டுலயே போயிடுவேன்."

மவுஸ் அசைவதே இல்லை. கட்டத்துக்குக் கட்டம் தாவல். ஐயோ.

போன திங்கள் எத்தனை தடவை முயற்சி பண்ணினீங்க என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"பதினாலு."

மதியம் நேரில் போனேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் வேலை. மின்னல் வேகம் அதனால்தான். மடியில் மகன், பதினோரு மாதம். கதவு அடித்துச் சாத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

"அவன் ஷூவுல மணி கட்டியிருக்கேன், எங்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுடும். நான் அடுத்த ரூம்ல இருந்தா அவனுக்குத் தெரியாது. நின்ன இடத்துல நின்னு அழுவான். என்னால அவனைப் பாக்க முடியாது, அவனால என்னைக் கேக்க முடியாது. அதான் மேடம் இவ்வளவு அவசரம்."

ஏழு வாரம். ஏழு வாரம் அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்தது என் நிரல். நாங்கள் அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெயர் வைத்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை தனியாகப் பார்க்க மருத்துவர் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 15, வெள்ளி

முந்திரிக்கொட்டையிடம் சொன்னேன். பெரிய எழுத்து போட்ட அந்த விளக்கப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அப்புறம், "சரி, அவங்களுக்கு மட்டும் வழி விட்டுடு. இருபத்தெட்டு வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

"இவங்க ஒருத்தர்தானா?"

"ஒருத்தராவே இருக்கலாம்ல?"

"இருக்கலாம்னு சொல்லியா விக்கப்போறே?"

கத்திவிட்டேன். ஜெராக்ஸ் மெஷின் கீழே ஒரு நிமிடம் நின்றுபோய் மறுபடி ஓடியது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மார்ச் 16, சனி

தள்ளப்பட்ட படிவங்களிலும் தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறது. மருத்துவமனையின் அனுமதியோடு வரவேற்பு அக்கா ஒவ்வொன்றாகக் கூப்பிட, நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள். பெரும்பாலானவை உபயோகத்திலேயே இல்லை, எல்லாம் பாட்களின் கைவரிசை. ஒவ்வொரு தடவை 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வந்தபோதும் எனக்கு மூச்சு வந்தது.

இருபத்து மூன்று பேர் எடுத்து "ஹலோ" என்றார்கள்.

கை நடுக்கம் உள்ள ஒரு அப்பா. விரிசல் விட்ட பழைய போனை வைத்திருக்கும் ஒரு பெண். "நமக்கெல்லாம் கிடைக்காதுன்னு விட்டுட்டோம்" என்றார் ஒருவர். சாதாரணமாக, பேருந்து போய்விட்டது என்பதுபோல.

கண் தெரியாத அந்த அம்மாவின் குழந்தையை இன்று பார்த்துவிட்டார்கள். இரண்டு காதிலும் குறை. காது கேட்கும் கருவிக்கு அளவு எடுத்தாயிற்று.

மார்ச் 17, ஞாயிறு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எல்லாவற்றையும் கொட்டினேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார்.

"லிஃப்ட் கதவு மூடறப்போ நடுவுல ஏதோ இருக்கற மாதிரி இருந்தா என்ன பண்ணும்? திறந்துக்கும். கையா, காத்துல பறந்த காகிதமான்னு விசாரிக்காது. உன்னோடது சந்தேகம் வந்தா மூடிக்குது."

"திறந்தா திருடன் வருவானே!"

"லிஃப்ட்ல திருடன் வந்தா அதுக்குக் கதவு என்னம்மா பண்ணும்? அது வேற ஆள் வேலை." பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

எரிச்சலாக இருந்தது. அப்புறம் எழுந்து நடந்தேன். வேற ஆள் வேலை. வேற ஆள் வேலை.

மார்ச் 20, புதன்

காவலைப் பாதி பிரித்துப் போட்டாயிற்று. சந்தேகம் வந்தால் இனித் தள்ளுவதில்லை. வருபவரின் கணினிக்கு ஒரு கணக்கு கொடுக்கிறோம், அதுவே சத்தமில்லாமல் போட்டுக்கொள்ளும். ஒரு தடவை வருபவருக்கு இரண்டு நொடி தாமதம், தெரியவே தெரியாது. ஆயிரம் தடவை வருபவனுக்கு மூச்சு முட்டும். அப்படியும் முடியாதவர்களுக்கு, காவலுக்கு வெளியே, முதல் வரியிலேயே வரவேற்பு மேசையின் எண்.

பழைய போன்களில் அந்தக் கணக்கு ஒன்பது நொடி எடுக்கிறது. போதாது. குறைக்க வேண்டும். குறைத்தால் பாட்களுக்கும் சுலபம். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

முந்திரிக்கொட்டை இன்னும் பேசவில்லை.

மார்ச் 25, திங்கள்

புதிய காவல். பதினொரு நிமிடத்தில் நிரம்பியது. தள்ளப்பட்டவர் யாரும் இல்லை. ஆனால் நாலு இடம் தரகர்களுக்குப் போயிற்று. நாலு. அந்த நாலும் யாரோ நாலு பிள்ளைகளுடையது. சரியாகத்தான் செய்தேனா? அந்த இருபத்து மூன்று, இந்த நாலு, எல்லாவற்றையும் எழுதி முந்திரிக்கொட்டைக்கு மெயில் அனுப்பினேன்.

மார்ச் 28, வியாழன்

டிக்கெட் நிறுவனம். நீள மேசை, எட்டுப் பேர், குளிரூட்டி நேரே என் கழுத்தில். நானும் முந்திரிக்கொட்டையும் தனித்தனியாக வந்து சேர்ந்தோம். எந்தப் பக்கங்களைக் காட்டப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய எழுத்து வந்தால் எழுந்து மறுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வார்த்தைகளைக்கூட மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

அவர்களில் மூத்தவர் கேட்டார்: "தப்பா யாரையாவது தடுத்திருக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் வழக்கம்போல முந்திக்கொண்டாள்.

"இருபத்து மூணு பேரை. ஒருத்தருக்குக் கண் தெரியாது, அவங்களை நாங்க கேலி வேற பண்ணினோம். எங்க மாட்டிக்கிட்டோம், எப்படி மாத்தினோம்னு இவ சொல்லுவா." அந்த நாலு இடத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

நல்லபடியாகக் கைகுலுக்கி அனுப்பினார்கள். வெளியே நடைபாதையில், "போச்சு" என்றாள். போச்சுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

கடிதம் வந்தது. 'தற்போதைக்குத் தேவையில்லை.' பூசி மெழுகியிருக்கிறார்கள்.

ஜூன் 6, வியாழன்

நூலகம் ஒன்று, பள்ளி ஒன்று, இரண்டும் முந்திரிக்கொட்டை பிடித்த வாடிக்கை. சின்ன இடங்கள். ஒன்பது அடி அறையில் இப்போது மூன்று நாற்காலி. மூன்றாவது, தட்டச்சு அம்மாவுக்கு. கூச்சத்தை விட்டு நான்தான் கேட்டேன்: ஒவ்வொரு புதிய பதிப்பையும் முதலில் நீங்கள் சோதித்துச் சொல்வீர்களா என்று. பெயர் வைத்த கதையையும் அன்றே சொல்லிவிட்டேன். "வேற நல்ல பேர் கிடைக்கலையா?" என்றார். சிரித்தாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்துவிட்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

தட்டச்சு அம்மா இன்று வீட்டிலிருந்தே சோதித்துப் போனில் சொன்னார். மூன்று பிழை. மூன்றாவது பெரியது, திங்களுக்குள் சரிசெய்தாக வேண்டும். நான் அறைக்குள் நடந்துகொண்டே குறித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில், "ஒரு நிமிஷம் அக்கா" என்று சொல்லிவிட்டு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து அறையில் இருந்திருப்பான் போல. ஒரே ஒரு தடவை, குரலை உயர்த்தாமல்.

நான் நடப்பதை நிறுத்தினேன்.

"வந்துட்டான்" என்றார். "சொல்லுங்க, மூணாவது பிழையில எங்க விட்டோம்?"