மென்னா இருமாத நாள்

பென்டர்வென், ரோண்டா பள்ளத்தாக்கு
9 பிப்ரவரி 1981

அருமைத் தங்கை மகள் மென்னாவுக்கு,

இனி நான் எழுதப்போவதை நீ நம்பப்போவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆடுகூட நம்பவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

ஸ்டோக் நகரத்து மண்டபம். எட்டாயிரம் பேர். அவர்கள் விட்ட சிகரெட் புகையில் இரண்டு புறாக்கள் வழி தவறிச் செத்தன. தொலைக்காட்சிக் காமிரா என் மூக்கு நுனியில். டார்ட்ஸ் பலகையில் எனக்குக் கழிக்க முப்பத்திரண்டு புள்ளி மிச்சம். பதினாறை இரட்டிக்கும் டபுள் கட்டத்தில் ஒரே ஒரு அம்பு; அவ்வளவுதான், அரையிறுதி என் சட்டைப்பைக்குள். கையை உயர்த்தினேன். அம்பு போகவில்லை. ஒரு நிமிடம், ஒரு மணி நேரம், ஈஸ்டர் வந்து போயிற்று. பின்வரிசையில் ஒருவன், "என்னப்பா இட்வால், அம்புக்கு உன்னைப் பிரிய மனசில்லையா?" என்றான். மண்டபமே சிரித்தது.

கை அம்பை விட மறுக்கும் அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு. உச்சரித்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம் ஆட்டக்காரர்கள் யாரும் வாயால் சொல்வதில்லை. அது எனக்கு வந்து மூன்று வருடம் என்பது உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முன்வரிசையில் நீ உட்கார்ந்து லேசாக ஒரு இருமல் இருமுவாய்; என் விரல் திறக்கும். பாவம் இந்தப் பெண்ணுக்கு நெஞ்சுச் சளி என்று ஊர் ஊராகப் பெண்கள் உனக்கு மருந்து மிட்டாய் கொடுத்தார்களே!

அன்றைக்கும் அதே முன்வரிசையில்தான் இருந்தாய். கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். இருமவில்லை. ஆட்டம் முடிந்ததும் பஸ் ஏறி ஸ்வான்சீக்குப் போய்விட்டாய். உன் அம்மாவிடம் கெஞ்சித்தான் இந்த முகவரி வாங்கினேன்.

தொண்டை கட்டியிருந்ததா? அப்படியானால் பரவாயில்லை. இருபத்தெட்டாம் தேதி மாவட்ட அணிக்கான ஆட்டம். அதிலும் தோற்றால் இந்தத் தொழிலில் எனக்கு இடமில்லை. வந்துவிடு, கண்ணு.

உன் மாமா,
வேல்ஸின் இடி, ரோண்டாவின் மின்னல்,
இட்வால் ப்ராசர்

•

ஸ்வான்சீ
16 பிப்ரவரி 1981

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தொண்டைக்கும் ஒன்றுமில்லை.

ஸ்டோக்குக்குக் கிளம்பிய அன்று காலையில் கடைத்தெருவில் பெத்தியைப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டவள். அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குப் பதிலே வரவில்லை. "பதில் வரலைன்னா இடமில்லைன்னு அர்த்தம், கண்ணு" என்று நீங்கள்தான் தலையைத் தடவினீர்கள். நானும் மூன்று வருடமாகக் கேக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

பெத்தி கேட்டாள்: "ஏண்டி, கூப்பிட்டு இடம் கொடுத்தும் வேணாம்னு எழுதிட்டியாமே?"

தபால் ஆபீஸ் வாசலிலிருந்து மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அங்கிருந்த அம்மாள் கோப்பைத் தேடி எடுத்து, பொறுமையாக வாசித்தார். இடம் கொடுத்த கடிதம் அப்போது நான் தங்கியிருந்த உங்கள் வீட்டு முகவரிக்கு வந்திருக்கிறது. அதற்கு நான் எழுதிய பதில் என்று ஒன்றும் இருக்கிறது. குடும்பக் காரணங்களால் வர இயலவில்லையாம். கடைசி வரி, "தொண்ணூறாயிரம் நன்றிகளுடன், மென்னா."

தொண்ணூறாயிரம், மாமா. அந்தப் பள்ளத்தாக்கில் வேறு யார் அப்படி நன்றி சொல்வார்கள்?

ஸ்டோக் வரைக்கும் வண்டியில் நீங்கள் பாடிக்கொண்டே வந்தீர்கள். அந்தப் பதிலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கையை உயர்த்தியபோது இருமல் தொண்டைவரை வந்தது உண்மை. விழுங்கிவிட்டேன்.

இங்கே வார்டில் எடுபிடி வேலை. செப்டம்பரில் மறுபடி நேர்காணல். இருபத்தெட்டாம் தேதி வர மாட்டேன்.

மென்னா

•

பென்டர்வென்
2 மார்ச் 1981

மென்னா,

தோற்றேன். கசாப்புக்கடை கெத்தினிடம் ரகசியத்தைச் சொல்லி உன் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவன் இருமல் உனக்குத் தெரியுமே, சுரங்கம் இடிவது மாதிரி. நான் கையை உயர்த்தும் முன்பே இருமித் தொலைத்தான். அம்பு பலகையை விட்டு, சுவரை விட்டு, வேல்ஸை விட்டே வெளியேறி அயர்லாந்தில் ஒரு பாதிரியாரின் தொப்பியைக் கழற்றியது. என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோடைக்காலத்துக்குக் காட்சி ஆட்டம் ஒப்புக்கொண்டவர்களும் ஒவ்வொருவராய்க் கையை விரிக்கிறார்கள்.

அந்தக் கடிதம் பற்றி. அதை என் எதிராளிகள் போட்ட கள்ளக் கடிதம் என்று நினைக்கிறேன். அல்லது தபால்காரன் குடித்துவிட்டு எழுதியிருப்பான். எங்கள் பின்பக்கத்து ஆடு உனக்கு வந்த கடிதத்தைத் தின்றுவிட்டு, மனசாட்சி உறுத்தி, தானே பதில் போட்டிருக்கவும் கூடும். அது படித்த ஆடு.

ஆனால் நீ செய்தது? எதிராளி முதுகில் குத்தினால் தாங்கலாம். நீ என் வீட்டுச் சூப்பைக் குடித்தவள். நாற்பத்தொரு ஊருக்கு உன்னைக் கூட்டிப்போனேன். உன் தொண்டையை நம்பித்தான் ஒவ்வொரு ஊரிலும் எறியும் கோட்டில் போய் நின்றேன். எட்டாயிரம் பேர் முன்னால், ஒரு மூச்சுக்கூடச் செலவில்லாத காரியத்தை நீ செய்ய மறுத்தாய். துரோகம் என்ற சொல்லை எழுதக் கூடாதென்று மூன்று தாளைக் கிழித்தேன். இது நாலாவது தாள். துரோகம்.

இட்வால் ப்ராசர்

•

ஸ்வான்சீ
7 மார்ச் 1981

மாமா,

உங்கள் ஆட்டுக் கதையை வார்டில் படித்துக் காட்டினேன். குடல்வால் அறுவை செய்துகொண்ட ஒருவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருடமாக என் மூச்சை உங்களுக்குத்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம்கூடச் சேர்த்துக் கொடுத்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டீர்கள்.

ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதினீர்களா, இல்லையா? ஆடு வேண்டாம், அயர்லாந்து வேண்டாம். அதைப் படித்தபிறகு உங்களோடு பேசுவேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அடுத்த கடிதத்தில் அது இல்லையென்றால், இனி உங்கள் உறை எதையும் பிரிக்க மாட்டேன்.

மென்னா

•

பென்டர்வென்
19 மார்ச் 1981

மென்னா,

ஒரு வாக்கியமா? என்னிடமா? தேம்ஸ் நதியைத் தேக்கரண்டியில் கேட்கிறாய். பன்னிரண்டு நாளாக முயற்சி செய்கிறேன்.

டார்ட்ஸ் முடிந்துவிட்டது. நேற்றுத் தொழில்முறைச் சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். கிளப்பில் வழக்கம் உனக்குத் தெரியும்: தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்குச் சாக்கட்டி பிடித்துப் புள்ளி எழுத வேண்டும். இப்போது எல்லா ஆட்டத்துக்கும் நானே பிடிக்கிறேன். கழிப்பதில் தப்பு விடுகிறேன் என்று பையன்கள் திட்டுகிறார்கள்.

நேற்று கெத்தின் கேட்டான், "நிஜத்தச் சொல்லுப்பா, அந்தப் பொண்ணு ஏன் போச்சு?" நீ ஒரு கப்பல் தலைவனோடு பிரேசிலுக்கு ஓடிவிட்டாய் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பியரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

சரி. மண்டபத்தில் எட்டாயிரம் பேர் இல்லை, அறுநூறு இருக்கலாம். புறாக்கள் சாகவில்லை. நாற்பத்தொரு ஊர் இல்லை, பதினேழு. கள்ளக் கடிதம் போட எனக்கு எதிராளிகளே இல்லை. என்னைக் கண்டு யாரும் அவ்வளவு பயப்படவில்லை. நான் உனக்கு எழுதிய எல்லாவற்றிலும் நிஜம் ஒரு சின்னத் துண்டுதான்: இந்த வீட்டிலிருந்து ஒரு பதில் போனது. அதை எழுதியது நான். அன்று காலை நீ எனக்குப் புகையிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். நீ திரும்பி வருவதற்குள் உறையை ஒட்டிவிட்டேன்.

இட்வால்