ப்ராக்சியும் ஒரு நாற்காலியும்

நவம்பர் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. குடைக் கம்பி உடைந்தது.

முதலாளி நசீர் பாய் ஐடி பார்க்கும் என்னையும் குமரனையும் கூப்பிட்டார். ஆபீஸில் வேலை நேரத்தில் சீரியல் ஓடுகிறதாம். போன வாரம் யாரோ கண்டதைத் திறந்து வைரஸ் வேறு. எல்லாருடைய இணையமும் ஒரே வாசல் வழியாகப் போகும்படி ஒரு ப்ராக்சி சர்வர் வேண்டும். ஆளுக்கொன்று காட்ட வேண்டும். கடைசியில், "அடுத்த வருஷம் ஐடிக்கு ஒரு ஆள்தான்மா. யாரோடது நல்லா ஓடுதோ அவங்க இருங்க."

குமரன் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குழந்தைக்காரன். இருக்கட்டுமே. நாற்பத்தெட்டு வயதில் என்னை எவன் எடுப்பான்?

நவம்பர் 4, செவ்வாய்
குமரன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து இலவச ப்ராக்சியை ஏற்றுகிறான். மேசைக்கடியில் உட்கார்ந்து அதோடு பேச்சு வேறு. லூசு.

நான் கிளவுட் ப்ராக்சி விற்கிறவளுக்குப் போன் போட்டேன். தேன் ஒழுகப் பேசினாள். "பாத்துக்க ஆளே வேணாம் மேடம், எல்லாம் நாங்க பாத்துப்போம்."

பாய்க்கு எழுதிய பரிந்துரையில் அதையே முதல் வரியாகப் போட்டேன். குமரன் டப்பாவுக்கு ஒருத்தன் காவல் இருக்க வேண்டும். என்னுடையதற்கு ஆளே வேண்டாம்.

மறக்காமல்: கோழி, கறிவேப்பிலை, குடை.

நவம்பர் 6, வியாழன்
குமரனின் முறை. அவன் ப்ராக்சி எல்லாப் பக்கத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். சுங்க பெர்மிட் தளம் அதற்கு ஒத்துக்கொள்ளாது, அதை மட்டும் விலக்கி வைக்க வேண்டும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"அக்கா, ஏதாச்சும் விட்டுட்டேனா? கொஞ்சம் பாருங்கக்கா."

"நல்லாத்தான்பா இருக்கு."

முற்பகலில் பெர்மிட் தளம் திறக்கவில்லை. எங்கள் வெங்காயக் கண்டெய்னர் பெர்மிட் இல்லாமல் துறைமுகத்திலேயே நின்றது. பாய் எல்லார் முன்னாலும் அவனைக் காய்ச்சி எடுத்தார். நான் தே ஹாலியா குடித்தபடி பார்த்தேன். இஞ்சி தூக்கலாக, அருமை.

நவம்பர் 10, திங்கள்
என்னுடையது ஏறிவிட்டது. சீரியல், கிரிக்கெட், ஷாப்பிங், எல்லாம் தடை. பாய் கேட்காமலே 'வேலை தேடும் தளங்கள்' என்பதையும் டிக் செய்தேன். குமரன் இங்கே உட்கார்ந்து தேடக் கூடாது. தடை விழுந்தால் திரையில் வரும் வாசகமும் என்னுடையதுதான்: "சம்பளம் வாங்குவது இதற்கல்ல."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். குமரன் எட்டிப் பார்த்து, "நீட்டா செட் பண்ணிருக்கீங்கக்கா" என்றான். இவனுக்கு ரோஷமே கிடையாதா? எரிச்சலாக வந்தது.

நவம்பர் 13, வியாழன்
நல்ல வெயில். பாய் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் என் பரிந்துரை.

"பாத்துக்க ஆளே வேணாம்னு நீதானம்மா எழுதிருக்கே. அப்புறம் ஒரு ஆள் மட்டும் எதுக்கு?"

மாதக் கடைசியோடு இருவருக்கும் வேலை இல்லை.

"பிரின்டர் கெட்டுப்போனா, பாய்?"

"அதையும் அவங்களே பாத்துப்பாங்களாம் லா."

அந்தத் தேன்வாய்க்காரி நாசமாய்ப் போக. இடத்துக்கு வந்து வேலைத் தளத்தைத் திறந்தேன். "சம்பளம் வாங்குவது இதற்கல்ல." தடையை எடுக்கப் பார்த்தேன். என் நிர்வாக லாகினை கிளவுட் கம்பெனிக்காரர்கள் காலையிலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

குமரன் தன் போனை என் பக்கம் தள்ளினான். "என் டேட்டாவுல பாருங்கக்கா. நான் திங்கக்கிழமைலேர்ந்து இதுலதான் தேடுறேன்."

வாங்கிக்கொண்டேன். தேடத் தொடங்கினேன்.