கஞ்சிக் கோப்பைகள்

1988 பெப்ரவரி 18, வியாழன். ஒடென்சே

தவக்காலத்தின் இரண்டாம் நாள். இருவருக்கும் அரிசி அளந்தேன், ஒரு சுண்டு.

கொப்பன்ஹேகனிலிருந்து கடிதம். மகள் எமிலியாவை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். முத்தமிட்டு, முந்திய இரண்டு கடிதங்களோடு வேதாகமத்துக்குள் வைத்தேன். ஏஜென்சிக்காரன் என்னையும் கணவரையும்தான் விமானம் ஏற்றினான். மகளை மன்னாரில் தங்கச்சியிடம் விட்டுவந்தோம். அவளுக்கு இப்போது பத்து வயது.

பெப்ரவரி 27, சனி

கோயிலில் பழக்கமான கிர்ஸ்டன்தான் எனக்கு டேனிஷ் சொல்லித்தருகிறாள். பல்கலைக்கழகத்தில் சீன வரலாறு ஆராய்கிறவள். பாடப்புத்தகம் முடிந்ததால் தன் ஆராய்ச்சியையே வாசிக்கத் தருகிறாள். முப்பது வருடத்துக்கு முந்திய பஞ்சம். ஊர் முழுக்க ஒரே சமையலறையில் சாப்பிட்டதாம். அதன் பதிவேட்டுப் பிரதி அவளிடம் இருக்கிறது. மாதக் கடைசியில் மேலிடத்துக்கு எழுதியது: “412 பேர். எல்லோரும் நலம்.” எந்த மாதத்தைப் பார்த்தாலும் அதே வரி.

மார்ச் 5, சனி

“தானியம் பாதியாய்க் குறைந்திருக்கிறது. ஆனால் ஆட்கள் செத்ததற்கு ஆதாரம் இல்லை” என்றாள் கிர்ஸ்டன்.

அவள் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு பத்தி இருந்தது. என்னவென்று கேட்டேன். கழுவின கோப்பைகளாம், அது சும்மா சமையலறை விஷயமாம். இலக்கங்களை வாசிக்கச் சொன்னேன். ஐப்பசியில் 412. பங்குனியில் 263.

அரிசி குறைந்தால் கஞ்சிக்குத் தண்ணீர் கூடும். கோப்பை ஏன் குறையும்?

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழும்பிக் கையைத் தட்டினாள். நூற்று நாற்பத்தொன்பது பேர் செத்துக் கிடக்கிறார்கள், இவள் கை தட்டுகிறாள். சீ.

நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 6, ஞாயிறு

பூசையில் சமாதானம் சொல்லக் கிர்ஸ்டன் என் கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 12, சனி

வேதாகமத்திலிருந்த மூன்று கடிதங்களையும் அவள் மேசையில் வரிசையாக வைத்தேன். இரண்டு வருடம். திகதி மட்டும் வேறு, வரி ஒன்றே. ஒருவரும் எமிலியாவின் ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை என்றேன்.

“இது டென்மார்க். இங்கே அப்படி நடக்காது. பொறுமையாக இரு.”

சீனத்துக் காகிதத்தில் பொய்யை மோந்து பிடிக்கிறவளுக்குத் தன் நாட்டுக் காகிதம் மணக்காதா? இதையா நான் முத்தமிட்டேன்?

வீட்டில் இவர் சொல்கிறார்: “அவ படிச்ச மனுசி. நீ வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்கலாம்.”

“பொத்தினதாலதானே ரெண்டு வருசம் போனது.”



மார்ச் 19, சனி

கிர்ஸ்டன் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். கொப்பன்ஹேகன் அலுவலகத்துக்கு நாலு தரம் போன் எடுத்தாளாம். எமிலியாவின் விண்ணப்பம் யார் கையில் என்று ஒருவரும் சொல்லவில்லையாம்.

“நான் பார்க்கத் தவறிய இரண்டாவது பத்தி இது” என்றாள்.

அரச அலுவலகங்களை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு எழுதினோம். என் அருவருப்பு போகவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

1989 பெப்ரவரி 9, வியாழன்

எமிலியா வரலாமாம். ஏன் இவ்வளவு காலம் என்று ஒரு சொல் இல்லை. இந்தக் கடிதத்தை நான் முத்தமிடவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

அரிசி ஒன்றரைச் சுண்டு.

பிள்ளை வந்து எட்டு நாள். அவள் அறையில் ஒரு புளித்த மணம். குனிந்து பார்த்தால், கட்டிலுக்குக் கீழே ஒரு கோப்பை. சோறு, மேலே பூஞ்சணம்.

“ஏன் பிள்ளை?”

“நாளைக்கு இல்லாட்டி?”

இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். கடிதத்துக்குக் கடிதம், அவளுக்கு அடுத்த மாதம் கூப்பிடுவோம் என்று எழுதினவள் நான்தானே.

கோப்பையைக் கழுவினேன். புதுச் சோறு போட்டு, மூடி, அதே இடத்தில் வைத்தேன்.