கிபோஷி இலையில் மூன்று விரல்

மகளே,

பனி உருகி, தேவதாரு நிழலில் அப்பாவின் பெரிய கிபோஷிச் செடி விரிந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். இலைக்கு நீல நிறம் தருவது மேலே பூத்திருக்கும் வெண்பொடிதான். "தொடாதீங்கடி! பொடி உதிர்ந்தா நீலம் போச்சு, அடுத்த வசந்தத்துலதான் வரும்" என்று நம்மை விரட்டுவாரே.

செண்டாய் நகரத்துக்கு வந்து உன்னோடு இருக்கச் சொல்கிறாய். எப்படி வருவேன்? அப்பா போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது, ஆனாலும் தினமும் காலையில் ஏதோ ஓர் இலையில் புதிதாக விரல்தடம் இருக்கிறது. மூன்றே விரல்கள். மர அறுவை ஆலை இரண்டைப் பறித்த பிறகு அவர் வலது கையில் மிஞ்சிய அதே மூன்று.

பக்கத்து வீட்டு தொகியேயிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அக்கா, விடிஞ்சதும் நீங்கதானே ரெண்டு விரலை மடக்கிக்கிட்டு இலையைத் தடவுறீங்க? கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கிறீங்க."

உனக்குத்தான் கண் அவிஞ்சுபோச்சு என்று திட்டி அனுப்பினேன்.

இந்தக் கடிதத்துக்குப் பேனாவை எடுத்தபோதுதான் பார்த்தேன். என் வலது கையில், மூன்று விரல் நுனிகளில் மட்டும், வெண்பொடி.

சனிக்கிழமை வருகிறேன் என்றாயே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வந்துவிடேன்.

அம்மா