இதயத்தை நிறுத்தித் தைத்தார்கள்

பிப்ரவரி 12, 2024

பேரன் ஜெயந்த் கப்பல்படையில் ஆபிசர் ஆகிவிட்டான். விசாகப்பட்டினத்தில் வேலை. பேத்தி சிந்து சி.ஏ. முதல் தடவையிலேயே பாஸ். என் மகன் ரமேஷ் பெற்றது இரண்டும் சோடை போகவில்லை. இன்றைக்கு இங்கே டெல்லி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடமும் இதைச் சொன்னேன். "பஹுத் அச்சா, மாதாஜி" என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் படத்தைக் காட்டினார். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டுமாம்.

பிப்ரவரி 14

ஒரு ஆபரேஷனில் இத்தனை வகையா? இதயத்தை நிறுத்திவிட்டு, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டுத் தைப்பது ஒன்று. துடிக்கத் துடிக்கவே தைப்பது இன்னொன்று. ஒட்டுப் போடுகிற நரம்பைக் காலிலிருந்தும் எடுக்கலாம், கையிலிருந்தும் எடுக்கலாம். பெரிய டாக்டர் மெஷின் என்கிறார். முன்னே பார்த்தவர் மெஷின் வேண்டாம் என்றார். "நீ என்னம்மா சொல்ற?" என்று ரமேஷ் கேட்கிறான் — அஞ்சாவது படித்தவளிடம்!

"ஆடுற துணியில யாராவது நேரா தையல் போடுவாங்களா? நிறுத்தியே தைக்கச் சொல்லு" என்றேன். சரி என்றுவிட்டான். இவர் மட்டும், "எதையோ செஞ்சு ஜல்தி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

பிப்ரவரி 19

முடிந்தது. காலிலிருந்துதான் நரம்பு எடுத்தார்களாம். இதயம் திரும்ப ஓடுகிறது.

பிப்ரவரி 21

ஐ.சி.யு.வுக்குள் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். சிந்துவை அனுப்பினோம். அழுதுகொண்டே வந்தாள். "தாத்தா என்னமோ கத்தறார் பாட்டி. தமிழ் மாதிரியே இல்ல. ஹிந்தியும் வரல." ஹரியானாக்கார நர்சும் அதையேதான் சொல்கிறாள், அங்கிள் உல்டா சீதாவாக, தலைகால் புரியாமல் பேசுகிறார் என்று. கையைக் கட்டி வைத்திருக்கிறார்களாம். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

நான்தானே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினதுல மூளைக்குப் போற ரத்தமும் நின்னுபோச்சோ? மெஷின் தள்ளுறதும் இதயம் தள்ளுறதும் ஒண்ணா? யாரைக் கேக்குறது? துணின்னு சொன்னேனே, மனுஷன் துணியா?

பிப்ரவரி 22

நானே போனேன். என்னைக் கண்டதும், "ஏ புள்ள, வந்துட்டியா? காலு காந்துது. இந்தக் கட்ட அவுத்து விடச் சொல்லு. எம்புட்டுச் சொன்னாலும் ஒருத்திக்கும் வெளங்க மாட்டேங்குது" என்றார்.

அருப்புக்கோட்டைப் பேச்சு! கல்யாணமான புதிதில் என்னிடம் இப்படித்தான் பேசுவார். டெல்லி ஆபிசில் சேர்ந்து, ஜனக்புரி காலனிக்கு வந்த பிறகு அது எங்கேயோ போய்விட்டது. இங்கேயே பிறந்த சிந்து அதைக் கேட்டதே இல்லை.

இவருக்குக் கால் எரிகிறதாம் என்று நர்சிடம் ஹிந்தியில் சொன்னேன். காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தாள். நரம்பு எடுத்த இடத்தில் தையல் சிவந்து வீங்கி, சீழ் வைத்திருந்தது. "ஹாய் ராம்!" என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு உயிர் வந்தது. கையை அவிழ்த்தார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கஞ்சி கொண்டாந்துச்சே, நீ குடிச்சியா?" என்றார். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆச்சு. அப்போ எது நிஜம் — காலா, கஞ்சியா?

பிப்ரவரி 26

ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் சர்தார்ஜிக்குத் துடிக்கத் துடிக்கவே தைத்தார்களாம். நரம்பு கையிலிருந்து. கால் ஜம்மென்று இருக்கிறது, நடக்கிறார். ஆனால் கட்டைவிரல் மரத்துப்போய் டீ கப்பைப் பிடிக்க முடியவில்லை. அவருக்குப் புத்தி தடுமாறியதா என்று அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "ரெண்டு நாள் என்னை அக்கான்னு கூப்பிட்டார், பெஹன்ஜி! பிள்ளை பெத்துக் கொடுத்தது யாராம்?" என்று அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தாள்.

மெஷின் வைக்காமலேயா!

டாக்டரைக் கேட்டால், "எப்படிச் செய்தாலும் சிலருக்கு வரும், மாதாஜி. பெரும்பாலும் சரியாகிவிடும்" என்கிறார். பெரும்பாலும் என்றால்? மிச்சப் பேர்?

மார்ச் 9

வீட்டுக்கு வந்துவிட்டோம். கால் ஆறி வருகிறது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுகிறார்.

மார்ச் 20

காலையில் பால்கனியில் நின்று காய் வண்டிக்காரனோடு சண்டை. "பையா, யே லௌக்கி ஹை யா லக்கடி?" சுரைக்காயா, விறகுக் கட்டையா என்று! பழைய ஹிந்தி, பழைய வாய். அடுப்படியில் நின்று அழுதேன்.

சாயங்காலம் சுவரில் ஜெயந்தின் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்து, "ரமேஷ் அப்ப எவ்வளவு ஒல்லி" என்றார். அந்தப் படத்தில் பையன் அப்பனை உரித்துத்தான் வைத்திருக்கிறான். யாருக்கும் குழம்பும். குழம்பும்தானே?

மார்ச் 21

சிந்துவை விட்டு ஜெயந்துக்குச் செய்தி அனுப்பினேன்: வெள்ளை யூனிபாரத்தில் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தபாலில் அனுப்பு கண்ணு. போனில் வேண்டாம், மேலேயே பேர் வந்துவிடும். கவரை நான் பிரித்துத் தாத்தா கையில் கொடுக்கிறேன். படத்துக்குப் பின்னால் நீ யார் என்று எழுதாதே.