மூன்று மாதப் பயிற்சி

8 பிப்ரவரி 2025, சனி

‘ஆறாம் நிரை’ படத்தின் கட்டுரையைச் சிறப்புக் கட்டுரைத் தகுதிக்குப் பரிந்துரைத்துவிட்டேன். இனி ஊர் பேர் தெரியாத தன்னார்வலர்கள் எல்லாம் வரிசையாக வந்து குறை சொல்வார்கள். சொல்லட்டும். பதிமூன்று வருடமாக இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பக்கத்துக்கு நான்தான் காவல். 1993இல் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எடுத்த படம். ரப்பர் போய் இப்போது அங்கே பாமாயில் செம்பனை.

முதல் கேள்வி வந்தாயிற்று. “நிரை என்றால் என்ன?” சென்னைக்காரர். மர வரிசை ஐயா, மர வரிசை. படத்தைப் பார்க்காமலே மதிப்பாய்வு செய்யக் கிளம்பிவிட்டார்.

போன வாரம் இன்னொரு மேதாவி, “இப்படத்தில் என் மாமா டிராக்டர் ஓட்டினார்” என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆதாரம்? மாமாதான். நீக்கினேன். ஈப்போவில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். காகிதம் இல்லாமல் கதை சொல்ல வருகிறவர்களை எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்து பார்த்தால், மறுபடியும் ஒரு பேர்வழி. டிராக்டர் மாமாவின் ஆள் இல்லை, இது வேறு. பெயர் பதியாத ஆள். மூன்றாவது முறை.

கட்டுரையில் இருப்பது இது: “நாயகி ஷாமினி மூன்று மாதம் பயிற்சி எடுத்து, கையை மட்டும் காட்டும் ரப்பர் பால்வெட்டுக் காட்சியிலும் தாமே மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்.” கீழே நாளிதழ் மேற்கோள், தேதி, பக்கம் எல்லாம் உண்டு. அதை அழித்துவிட்டு இவர் எழுதுகிறார்: “அது நடிகையின் கை இல்லை. காளியம்மாவின் கை.”

யாரம்மா இந்தக் காளியம்மா? எந்தப் பத்திரிகையில் வந்தாள்? பழையபடி மாற்றிவிட்டு ஒரு குறிப்பும் வைத்தேன்: “உங்கள் குடும்பப் பெருமைக்கு இது இடமல்ல. ஆதாரத்தோடு வரவும்.”

13 பிப்ரவரி, வியாழன்

பதில் வந்திருக்கிறது. “காளியம்மா என் அம்மாங்க. உயிரோடதான் இருக்காங்க. அதுதான் ஆதாரம். துளசி, சிம்பாங் பூலாய்.”

உயிரோடு இருப்பது ஆதாரமாம்! மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிப் பார்த்தால் என் அண்ணன் லியோனார்டும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் வாயில் வருவதையெல்லாம் ஏற்றினால் கலைக்களஞ்சியம் என்ன ஆவது?

22 பிப்ரவரி, சனி

மதிப்பாய்வுக்கு ஒருவர் முழுமூச்சாக இறங்கியிருக்கிறார். தேவன் என்று பெயர், கிள்ளான்காரர். முப்பத்தொரு குறைகள். கமாவுக்குக்கூட மேற்கோள் கேட்பார் போல. பெண்டாட்டி சோறு போட்டால் அரிசிக்கும் ரசீது கேட்பாரோ என்னவோ.

முப்பதுக்குப் பதில் எழுதிவிட்டேன். மிச்சம் ஒன்று. “மூன்று மாதப் பயிற்சிக்குக் காட்டியிருக்கும் நாளிதழ் 2016ஆம் ஆண்டினது. ஆனால் அந்த வரி அதற்கு முன்பே இந்தக் கட்டுரையில் இருக்கிறது. முதலில் சேர்த்தவர் யார், எதை வைத்து?”

நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். எவனோ அரைகுறை ஆதாரமில்லாமல் சேர்த்திருக்கிறான். பக்க வரலாற்றில் எல்லாம் பதிந்திருக்கும். நாளை தேடிப் பிடித்துப் பெயரோடு நாறடிக்கிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

27 டிசம்பர் 2011. சேர்த்தவர்: கத்தரின்.

நான்.

24 பிப்ரவரி, திங்கள்

ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

2011 கிறிஸ்துமஸ். லியோனார்ட் அண்ணன் வீட்டில் சாப்பாடு. கோழிக் காலைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் படத்துல நடிச்ச பொண்ணு மூணு மாசம் டிரெயினிங் எடுத்துச்சாம்லா, கேத்தி.” நான் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ‘தயாரிப்பு’ என்ற பகுதி இரண்டே வரியில் பரிதாபமாகக் கிடந்தது. இதைப் போட்டேன். கையைப் பற்றி அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. பால்வெட்டுக் காட்சி, கை, ‘தாமே’ எல்லாம் நான் ஒட்டவைத்தது. படிக்க நன்றாக இருந்தது, அதனால் ஒட்டவைத்தேன்.

2016இல் நாளிதழ்க்காரன் என் பத்தியை அப்படியே இறக்கிவிட்டான். வாக்கியம்கூட மாறவில்லை. 2017இல் அந்தச் செய்தியையே மேற்கோளாகச் சேர்த்தவரும் நான்தான். “இதோ, கிடைத்துவிட்டது ஆதாரம்” என்று அன்றைக்கு எவ்வளவு குதித்தேன்! நான் விட்ட புளுகு பேப்பரில் வந்து என்னிடமே திரும்பியது. நான் அதுக்கு நாற்காலி போட்டு உட்காரவச்சேன். த்தூ.

25 பிப்ரவரி, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் போட்டேன். “நானா? எப்ப சொன்னேன்? மூணு மாசமா, மூணு நாளா, யாருக்குலா ஞாபகம் இருக்கு! அது சரி, ஞாயித்துக்கிழமை சாப்பிட வாரியா?”

1 மார்ச், சனி

அந்த வரியை நீக்கிவிட்டேன். பிறகு படத்தைப் போட்டேன். நாற்பத்தோராவது நிமிடம். மரம், கத்தி, கை. ஆள்காட்டி விரலின் நுனி வெளிப்பக்கம் கோணியிருக்கிறது. நிறுத்திப் பார்த்தேன். ஷாமினி சோறு பிசைகிற காட்சிக்குப் போனேன். அங்கேயும் வலது கைதான். ஐந்து விரலும் நேர்.

கதைச்சுருக்கம் எழுத இந்தப் படத்தை எட்டு முறை பார்த்தவள் நான். கண்ணை எங்கே வைத்திருந்தேன்?

8 மார்ச், சனி

துளசிக்கு எழுதி முகவரி வாங்கிக்கொண்டு சிம்பாங் பூலாய் போனேன். மலிவு வீட்டு அடுக்குமாடி, மூன்றாம் மாடி. துளசிக்கு நாற்பது வயதிருக்கும். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் நின்றாள். “நீங்கதானா அந்த அழிக்கிறவங்க?” என்றாள். உள்ளே வாங்க என்று உடனே சொல்லவில்லை. எனக்கு அது தேவைதான்.

காளியம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோணல் விரல்.

“அந்தப் பொண்ணு பாவம், கத்தியத் தொடவே பயந்துச்சு. டைரக்டரு வந்து, அக்கா நீங்க வெட்டுங்கன்னாரு. ஒரே காலைதான். ஒரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தாங்க, முட்டை வச்சது. அவ்ளோதான்.”

துளசிக்குப் பொறுக்கவில்லை. “டிவியில அந்தப் படம் வந்தா அம்மா கீழ வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாங்கக்கா. இப்ப பிள்ளைங்க போனைத் தட்டிப் பார்த்துட்டு, பாட்டி புளுகுறாங்கன்னு சிரிக்குதுங்க. ரெண்டு வருசமா அந்தப் படத்தப் போட்டா அம்மா எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிருறாங்க.”

எழுதியது நான்தான் என்றேன். காளியம்மா என்னைத் திட்டவில்லை. “ஏன் தாயி அப்பிடி எழுதுன?” என்று மட்டும் கேட்டார்.

பத்தி சின்னதாக இருந்தது என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மன்னிச்சுக்குங்கம்மா என்றேன். வெங்காயத்தால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுத நினைத்தேன். பொய். அழுதேன்.

15 மார்ச், சனி

காளியம்மாவின் பெயரைச் சேர்த்தேன். இருபது நிமிடத்தில் தேவன் நீக்கிவிட்டார். காரணம்: “ஆதாரத்தோடு வரவும்.” என் வாசகத்தையே எடுத்து என் தலையில் போட்டிருக்கிறார். நேரில் கேட்டதும், விரலைப் பார்த்ததும் செல்லாதாம். அச்சில் வரவேண்டுமாம். விதியைச் சரியாகத்தான் சொல்கிறார், அதுதான் எரிகிறது. பொய்க்கு மேற்கோள் இருந்தது. உண்மைக்கு இல்லை.

சிறப்புக் கட்டுரைப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். 2011இல் நான் செய்ததை உரையாடல் பக்கத்தில் என் பெயரோடு எழுதி வைத்தேன். சென்னைக்காரர் கைதட்டும் படம் போட்டிருக்கிறார். போடட்டும்.

21 மார்ச், வெள்ளி

நாளிதழுக்குப் போன் போட்டு 2016இல் அதை எழுதிய நிருபரைப் பிடித்தேன். மகேந்திரன். “அந்தச் செய்தியை எங்கிருந்து எடுத்தீங்க?” “நெட்டுல இருந்துதாங்க, வேற எங்க?” என்ன ஒரு தெளிவு! நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். காளியம்மாவை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். முகவரி கொடுத்தேன். எந்த மாடி என்றுகூட எழுதினேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

வந்துவிட்டது! அரைப் பக்கம். காளியம்மாவின் கை, படத்தில் வரும் கை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஷாமினியையும் கேட்டிருக்கிறார்கள். “அது என் கை இல்லை, நான் எப்போது அப்படிச் சொன்னேன்?” என்கிறார். பதிமூன்று வருடத்தில் அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

என் கடிதத்தைப் போடவில்லை. கடைசிப் பத்தியில் மட்டும் மகேந்திரன் தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறார்: “நடிகைக்கு மூன்று மாதம் பயிற்சி அளித்தவரும் காளியம்மாவே.”

மூன்று மாதம்! சாகமாட்டேங்குதே இது!

28 ஏப்ரல், திங்கள்

காளியம்மாவின் கையைச் சேர்த்தேன். தேவன் பார்த்தார், மேற்கோள் எண் பதினான்கு என்று குறித்தார்.

துளசி போன் செய்தாள். கீழ் வீட்டுப் பிள்ளைகள் மேலே வந்து போனில் அதை உரக்கப் படித்தார்களாம். அம்மா இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னாராம். “ஆனா அம்மா பேப்பரப் பார்த்துட்டுக் கோபமா இருக்காங்கக்கா. மூணு மாசம் நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தேன், ஒரு காலைதானேன்னு கத்துறாங்க. அத உங்க கம்ப்யூட்டர்ல யாராவது போட்டா அழிச்சிரச் சொன்னாங்க.”

3 மே, சனி

பெயர் பதியாத ஒருவர் இன்று காலை சேர்த்திருக்கிறார்: “காளியம்மா நடிகைக்கு மூன்று மாதம் பயிற்சி அளித்தார்.” கீழே நாளிதழ் மேற்கோள், தேதி, பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

நீக்கினேன். காரணம் எழுதும் பெட்டியில் எழுதினேன்: “காளியம்மா உயிரோடு இருக்கிறார். இல்லை என்கிறார்.”